கிதாரும் வலக்கைச் சாதகமும்

கிதார் என்னும் வாத்தியம் நம்மவர் இல்லங்களுக்குள் எவ்வாறு வந்து புகுந்தது என்பதை ஆராய இன்று அவகாசமில்லை. வந்துவிட்டது. மும்பை மாதுங்காவிலும், தில்லி கரோல்பாகிலும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கத்திலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், பாட்டியார் ஊரிலிருந்து சுமந்து வந்த வீணை உறையிட்டபடி பரணில் கிடக்க, பள்ளிப் பிள்ளையின் மடியில் ஆறு தந்திக் கிதார் அமர்ந்திருக்கக் காண்கிறோம். சில வீடுகளில் இது சிறிது மனத்தாங்கலுக்கும் இடமாகியிருக்கிறது. நம் சங்கீதம் கையைவிட்டுப் போகிறதே என்று பெரியவர்கள் வருந்துகிறார்கள். ஆனால் நேயர்களே, அதைவிட வருந்தத்தக்க செய்தி ஒன்று உண்டு. வாங்கிய நான்காவது மாதத்தில் கிதாரும் வீணைக்குத் துணையாகப் பரண் ஏறிவிடுகிறது. இரண்டு வாத்தியங்கள் உறங்கும் வீடாக அது ஆகிவிடுகிறது.

இதற்குக் காரணம் பிள்ளையின் சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. புதிதாகக் கற்பவர், கார்டு எனப்படும் சுரக்கூட்டுகளை அமுக்கப் பழகுவதிலேயே தம் கவனம் முழுவதையும் இடக்கையில் வைத்துவிடுகிறார். ஐந்தாறு கூட்டுகள் வந்தவுடன் ஒரு சினிமாப் பாட்டுக்குத் தந்திகளை வாரி இழுத்து ஒருவாறு பொருத்திவிடவும் முடிகிறது. வீட்டார் மகிழ்கின்றனர். அதன் பிறகு ஒரு பாட்டின் மெட்டையே சுரம் சுரமாக வாசிக்க முற்படும்போது வலக்கை தடுமாறுகிறது. ஒரு தந்தியைத் தீண்டப் போய் இன்னொன்றைத் தீண்டுகிறது. வேகம் கூட்டினால் ஒலி கலங்குகிறது. இடக்கை சுரத்தின் இடத்தைத்தான் குறிக்கிறது. சுரம் பிறப்பதோ வலக்கையில். அக்கைக்கு யாரும் பாடம் சொல்லித் தரவில்லை என்பதே குறை.

தந்தியை மீட்டும் முறைகள் கிதாரில் இரண்டு பெருவழிகளாகப் பிரிந்துள்ளன. ஒன்று விரல்களால் மீட்டும் ஸ்பானிய வழி. மற்றொன்று, பிக் என்று பிள்ளைகள் வழங்கும் சிறு வில்லையால் மீட்டும் வழி; அமெரிக்க நாட்டுப்புற இசையிலும் ஜாஸ் இசையிலும் இது ஓங்கி வளர்ந்தது. வடகரோலினா மலைநாட்டவரான டாக் வாட்சன் குழந்தைப் பருவத்திலேயே பார்வை இழந்தவர். பிடில் வாசிப்பவர் இல்லாத நடனக் குழுவொன்றில், பிடிலுக்குரிய துரித மெட்டுகளை அவர் கிதாரிலேயே வில்லைகொண்டு வாசிக்கப் பழகினார். வில்லினால் இழுக்க வேண்டிய மெட்டை வில்லையால் ஒவ்வொரு சுரமாகத் தெறிக்க வேண்டுமாயின் வலக்கை எத்துணைப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். 2012-இல் அவர் மறைந்தார். அவர் வழியைப் பின்பற்றுவோர் இன்றும் பலர்.

விரல்வழிக்கு வியன்னா நகரில் 1812-இல் வெளிவந்த ஒரு நூல் நல்ல சான்று. இத்தாலியரான மௌரோ ஜூலியானி அதில் வலக்கைக்கென்றே 120 பயிற்சிகள் அமைத்தார். அவற்றின் அமைப்பில் ஓர் அரிய யுக்தி உண்டு. இடக்கைக்கு மொத்தமும் இரண்டே சுரக்கூட்டுகள். அவையே திரும்பத் திரும்ப வரும். மாறுவதெல்லாம் வலக்கையின் விரல் ஒழுங்குதான். இடக்கைக்கு வேலையின்றிச் செய்துவிட்டால் மனம் தானாகவே வலக்கைக்குச் செல்லும் என்பதை அந்த ஆசிரியர் கண்டுகொண்டார். இரு நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும் அந்நூல் வழக்கொழியாமல் இருப்பதற்கு இதுவே காரணம் என்று நாம் எண்ணுகிறோம்.

வட இந்தியாவில் வாழும் நமக்கு இச்செய்தி புதிதன்று. சித்தார் கற்பிக்கும் வீட்டின் வழியே நடந்து சென்றால் "தா ரா, தா ரா" என்ற சொற்கள் காதில் விழும். விரலில் அணிந்த மிஸ்ராப் ஒரு திசையில் தந்தியைத் தீண்டினால் தா. எதிர்த்திசையில் தீண்டினால் ரா. சரோத் வாசிப்போர் ஜவா என்ற வில்லையைத் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செதுக்கிக்கொள்கிறார்கள். அவர்களுக்கும் தா, ரா உண்டு. நம் வீணையிலோ ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்டுகின்றன. ஸ்பானியக் கிதாரிலும் இவ்விரு விரல்களுக்கே முதற்பாடம். ஒரே விரலால் இருமுறை தொடர்ந்து மீட்டலாகாது என்பதே அங்கும் முதல் விதி. பரணில் கிடக்கும் வீணைக்கும் மடியில் இருக்கும் கிதாருக்கும் உறவு இத்துணை நெருக்கமானது.

இனிப் பயிற்சிக்கு வருவோம். வில்லையை, மடித்த ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வைத்துக் கட்டைவிரலின் சதையால் மூடிப் பிடிக்க வேண்டும். அதன் முனை சிறிதே வெளியே தெரிந்தால் போதும். மிக நீண்டிருந்தால் தந்தியில் மாட்டிக்கொள்ளும். இறுக்கமாகப் பற்றுவது அனைவருக்கும் இயல்பாக வரும் பிழை. கீழே விழாத அளவுக்குப் பிடித்தால் போதும், விழுந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். தோள் உயர்ந்திருக்கிறதா, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறோமா என்று இடையிடையே பார்த்துக்கொள்ளல் வேண்டும். கையின் இறுக்கம் பெரும்பாலும் தோளிலிருந்து இறங்கி வருவது.

முதல் வாரம் இடக்கைக்கு ஓய்வு. மெட்டு எதையும் அமுக்காமல் ஒரு தந்தியை மட்டும் மீட்டுக. தரையை நோக்கிச் செல்வதைக் கீழ்வீச்சு என்றும், திரும்பி மேலே வருவதை மேல்வீச்சு என்றும் வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 60 தட்டு என்ற கணக்கில் மெட்ரோனோமை ஓடவிட்டு, தட்டுக்கு ஒரு வீச்சு. பின்பு தட்டுக்கு இரண்டு. கை இடங்கொடுத்தால் நான்கு. மேல்ட்ஸெல் என்பவர் 1815-இல் உரிமை பெற்ற அக்கருவியைத் தேடி இன்று கடைக்குச் செல்ல வேண்டுவதில்லை. கைபேசியிலேயே கிடைக்கிறது. அதுவும் இல்லையாயின் தொடையில் தாளம் போட வீட்டில் ஒருவர் கிடைக்காமலா போவார்! இங்கே காது கவனிக்க வேண்டியது ஒன்றே. மேல்வீச்சின் ஒலி கீழ்வீச்சின் ஒலியைவிட மெலிந்திருக்கலாகாது. கண்ணை மூடிக் கேட்டால் எது கீழ், எது மேல் என்று பிரித்தறிய முடியாத நிலை வரும்வரை அடுத்த பாடத்துக்குச் செல்ல வேண்டாம்.

உண்மையான இடர், தந்தி விட்டுத் தந்தி தாவும்போதுதான் தோன்றுகிறது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அடுத்தடுத்த இரு தந்திகளை எடுத்துக்கொள்வோம். மேலிருக்கும் தடித்த தந்தியில் கீழ்வீச்சும், கீழிருக்கும் மெல்லிய தந்தியில் மேல்வீச்சும் வந்தால், வில்லை இரண்டையும் வெளிப்புறத்திலிருந்து தீண்டுகிறது. இதைப் புறத்தாவல் என்போம். தடித்ததில் மேல்வீச்சு, மெல்லியதில் கீழ்வீச்சு என்றால், வில்லை இரண்டுக்கும் நடுவில் நின்று ஒவ்வொன்றையும் உள்ளிருந்து தீண்டுகிறது. இது அகத்தாவல். பழகாத கைக்கு அகத்தாவல் பெரும்பாலும் கடினம். நடுவிலுள்ள இடம் குறுகியது ஆதலின் வில்லை அங்கே இடறும். வாசிப்பு எங்கே கலங்குகிறது என்று தெரியாமல் தவிக்கும் மாணவர், கலங்கும் இடத்தில் எவ்வகைத் தாவல் வருகிறது என்று பார்த்தால் பாதி நோய் தீர்ந்துவிடும்.

இங்கேதான் நம் சரளி வரிசை எதிர்பாராத உதவி செய்கிறது. மாயாமாளவகௌளையைக் கிதாரில் ஐந்தாம் தந்தியின் மூன்றாம் மெட்டிலிருந்து தொடங்கிப் பாருங்கள். ஐந்தாம் தந்தியில் மூன்றாம் மெட்டு ஸட்ஜம், நான்காம் மெட்டு ரிஷபம். நான்காம் தந்தியில் இரண்டாம் மெட்டு காந்தாரம், மூன்றாம் மெட்டு மத்திமம். மூன்றாம் தந்தியை வெறுமனே மீட்டினால் பஞ்சமம். அதன் முதல் மெட்டு தைவதம். இரண்டாம் தந்தி வெறுமனே நிஷாதம். அதன் முதல் மெட்டு மேல் ஸட்ஜம். தந்திக்கு இரண்டு சுரமாக எட்டுச் சுரமும் நான்கு தந்திகளில் வந்து அமர்ந்துவிடுகின்றன. முதற் சுரத்தைக் கீழ்வீச்சில் தொடங்கி மாறி மாறி மீட்டினால், ஆரோகணத்தில் வரும் மூன்று தாவல்களும் அகத்தாவல்கள். அவரோகணத்தில் வரும் மூன்றும் புறத்தாவல்கள். மேல்வீச்சில் தொடங்கினால் இவை இடம் மாறும். எந்தத் தாவல் தமக்கு வரவில்லை என்பதை ஒரே சரளியில் எவரும் கண்டுகொள்ளலாம். விரலால் மீட்டுவோருக்கும் இதே பரீட்சை உண்டு. நடுவிரலில் தொடங்கினால் ஆரோகணம் இயல்பாக ஓடும். அவரோகணத்தில் விரல்கள் ஒன்றை ஒன்று குறுக்கிடும்.

சங்கராபரணத்தில் அதே ஸட்ஜத்திலிருந்து தொடங்கினால் இவ்வொழுங்கு இராது. ரிஷபம் நான்காம் தந்திக்குப் போய்விடுவதால் ஐந்தாம் தந்தியில் ஒரு சுரமும் நான்காம் தந்தியில் மூன்று சுரங்களும் விழும். ஆகவே மாயாமாளவகௌளையை முதலிலும் சங்கராபரணத்தை அடுத்தும் வைத்துக்கொள்வது நலம். மாயாமாளவகௌளையிலேயே, பாடப் புத்தகங்களில் வழக்கமாக மூன்றாவதாக வரும் சரளியில், மும்மூன்று சுரமாகப் பிரிந்து திரும்பும் தொடக்கத்தில் இரட்டை ஒழுங்கு கலைகிறது. அங்கே முதல் எட்டுச் சுரத்துக்குள் அகத்தாவல் இரண்டும் புறத்தாவல் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. இவ்வரிசைகளை வகுத்தவராகப் போற்றப்படும் புரந்தரதாஸர் கிதாரை எண்ணியிருக்க வழியில்லை. ஆயினும் சுரங்களைப் பலவாறு பிரித்துச் சேர்க்கும் அம்முறை எந்தக் கைக்கும் பொருந்துகிறது. கமகம் இல்லாத ரிஷபம் காதுக்கு வறண்டு தோன்றுமே என்று கேட்பவர் உண்டு. மெய்தான். கமகம் இடக்கையின் பாடம். அது பிறகு வரட்டும்.

வேகத்தைப் பற்றி. நம் ஆசிரியர்கள் மூன்று காலம் வாசிக்கச் சொன்னார்கள். முதற் காலத்தைவிட இரண்டாங் காலம் இரட்டிப்பு. மூன்றாங் காலம் அதிலும் இரட்டிப்பு. கிதார்ப் பயிற்சியில் இவற்றுக்கு இடையே சிறு படிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். 60 தட்டில் ஒரு வரிசை ஐந்து முறை தொடர்ந்து பிழையின்றி வந்தால் 64. அங்கும் அவ்வாறே வந்தால் 68. நான்காம் முறையில் பிழை வந்தால் எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து. இது கொடுமை என்று பிள்ளைகள் முனகுவார்கள். ஆனால் பிழையோடு நூறு முறை வாசித்தவன் அந்தப் பிழையைத்தான் நூறு முறை சாதகம் செய்தவன் ஆகிறான்.

அசுர சாதகம் என்று நம்மவர் பெருமையாகச் சொல்வதுண்டு. அதில் நமக்கு முழு உடன்பாடில்லை. மேதைகள் செய்ததை மறுக்கவில்லை. அலுவலகம் சென்று திரும்பும் நாற்பது வயதுக்காரரோ, தேர்வுக்குப் படிக்கும் மாணவியோ ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் ஒரேயடியாக மீட்டுவதில் கேடுதான் விளையும். ஜெர்மானிய இசைமேதை ஷூமன் 1830-களின் தொடக்கத்தில் வலக்கை விரலின் செயலிழப்பால் பியானோ மேடையையே துறக்க நேர்ந்தது. இயற்றுவதில் அவர் பெயர் நிலைத்தது. வாசிக்கும் கை திரும்பவில்லை. மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி தோன்றினால் அன்றைக்கு வாத்தியத்தைக் கீழே வைத்துவிட வேண்டும். வலி சில நாட்களில் நீங்காவிடில் மருத்துவரைக் காண்க. விரல் நுனியில் தந்தி உறுத்துவது வேறு. அது தோல் காய்த்ததும் போய்விடும். மரத்துப் போதலும் நரம்பு இழுத்தலும் அவ்வாறு தாமே போகட்டும் என்று விடத்தக்கவை அல்ல.

நாள்தோறும் இருபது நிமிடம் என்று வரையறுத்துக்கொள்வதே நம் யோசனை. வெறுந்தந்தியில் சிறிது, தாவலில் பெரும்பகுதி, பின்பு ஒரு சரளி, கடைசியாக மனத்துக்குப் பிடித்த பாட்டு எதுவானாலும். பாட்டை விலக்கிவிடக்கூடாது. அது இல்லாத சாதகம் பிள்ளைக்கு உப்பில்லாத சோறு. நேற்று எத்தனை தட்டில் நின்றோம் என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்தால், முன்னேற்றமே இல்லை என்று சோர்வு வரும் நாளில் பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம். இன்று வராதது, இரவு உறங்கி எழுந்தபின் மறுநாள் எளிதாக வருவதும் உண்டு. ஆகவே வரவில்லை என்று நள்ளிரவு வரை போராட வேண்டுவதில்லை.

பெரியவர்களின் வருத்தத்துக்கும் ஒரு சொல். ஆந்திரத்தின் பாலகொல்லில் 1969-இல் பிறந்து 2014-இல் மறைந்த ஸ்ரீநிவாஸ், மேனாட்டு மாண்டலினை எடுத்து, வில்லைகொண்டே கருநாடக இசையை முழுமையாக வாசித்துக் காட்டினார். ராஜஸ்தானத்து பிரிஜ்பூஷண் காப்ரா ஹவாய்க் கிதாரில் இந்துஸ்தானி ராகங்களை வாசித்தார்; 1967-இல் வெளிவந்த இசைத்தட்டொன்றில் புல்லாங்குழலும் சந்தூரும் அவருடைய கிதாரோடு சேர்ந்து ஒலித்தன. வாத்தியம் எந்த நாட்டில் பிறந்தது என்பது அவர்களைத் தடுக்கவில்லை. கிதாரில் சரளி பழகிய பேத்தி ஒருநாள் பரணிலிருந்து வீணையை இறக்கச் சொன்னால், அவளுடைய ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மீட்டக் கற்றவையாகவே இருக்கும். அவ்வாறு சொல்லாவிட்டாலும் குறையில்லை; மாயாமாளவகௌளை அவள் காதில் இருக்கிறது.

கடைசியாக, அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்வோருக்கு ஒரு செய்தி. சுவர்கள் மெல்லியவை, அண்டை வீட்டார் எம்மொழியினராயினும் ஒரே சுரத்தை இருபது நிமிடம் பொறுக்கமாட்டார்கள். ஒரு கைக்குட்டையை மடித்து, கிதாரின் பாலத்தை ஒட்டித் தந்திகளின் அடியில் செருகிவிடுங்கள். ஒலி பாதிக்கும் கீழாகக் குறைந்துவிடும். நீண்டு ஒலிக்கும் கார்வை அறுந்துவிடுவதால் ஒவ்வொரு வீச்சும் தனித்தனியே, மூடி மறைக்க ஒன்றுமின்றி, காதில் விழும். வலக்கைச் சாதகத்துக்குக் கைக்குட்டை செருகிய கிதாரே மேலானது என்று கூடச் சொல்லலாம். பாட்டு வாசிக்கும் கடைசி ஐந்து நிமிடத்துக்கு மட்டும் அதை எடுத்துவிடுங்கள்.