மோட்டார் வண்டியில் இசையும் கதையும்



ஒரு குடும்பம் மோட்டார் வண்டியில் நெடுந்தூரம் செல்லும்போது, முதல் அரைமணி நேரம் வரை எல்லாரும் உற்சாகமாகவே இருப்பர். பின்னர், பின்னாசனத்திலிருக்கும் சிறுவன், "இன்னும் எவ்வளவு தூரம், அப்பா?" என்று கேட்கத் தொடங்குவான். அவனுடைய அந்தச் சலிப்பைத் தீர்ப்பதற்குப் பொறியியலறிஞர் ஏறக்குறைய நூறாண்டுகளாக முயன்று வருகின்றனர்.

1930ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் சிக்காக்கோ நகரில், கல்வின் சகோதரர்களின் தொழிற்சாலை 'மோட்டோரோலா' என்னும் பெயருடன் வண்டிக்குரிய வானொலிப் பெட்டியொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. சாதாரணப் போர்ட் கார் ஒன்று அறுநூறு டொலருக்கும் குறைவாகக் கிடைத்த காலம் அது. பெட்டியின் விலையோ நூறு டொலருக்கு மேல். வீட்டிலுள்ள பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தால் என்ன என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அது அத்துணை எளிதன்று. அக்காலத்து வால்வுகளுக்கு உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும்; வண்டியின் பற்றரியோ ஆறு வோல்ற்று மாத்திரமே தரும். போதாக்குறைக்கு, எஞ்சினின் பிளக்குகளிற் பாயும் ஒவ்வொரு தீப்பொறியும் தானே ஒரு சிறு ஒலிபரப்பு நிலையமாகிவிடும். ஆதிக் கம்பியில்லாத் தந்தியே தீப்பொறியாற் பிறந்ததன்றோ! ஆகவே, பாட்டைக் கேட்க விரும்பியவர் 'கரகர'வென்னும் ஓசையையே கேட்டார். பிளக்குக் கம்பிகளில் தடைகளைப் பொருத்தியும், பெட்டியை உலோக உறைக்குள் அடக்கியும் அவ்விடையூற்றைக் குறைத்தனர். 1955இல் கிறைஸ்லர் நிறுவனமும் பில்க்கோ நிறுவனமும் திரான்சிற்றர்களை மாத்திரம் கொண்ட வண்டி வானொலியை அறிவித்தன. அதன்பின் வால்வும் அதற்கான உயர் மின்னழுத்தமும் வேண்டாதனவாயின.

எனினும், வானொலி தருவதையே கேட்கவேண்டும். வேண்டியபோது வேண்டியதைக் கேட்க முடியாது. இக்குறையைத் தீர்க்க எழுந்த முயற்சிகளுள் மிகவும் சுவையானது இசைத்தட்டைக் காரில் ஏற்றியதாகும். நெடுநேரம் ஒலிக்கும் இசைத்தட்டை 1948இல் உலகுக்குத் தந்த அறிஞர்களுள் முதன்மையானவர் பீற்றர் கோல்ட்மார்க். அவருடைய மகன் காரில் அலுத்துக்கொண்டதே இப்புதிய எண்ணத்துக்கு வித்து என்பர். ஓடும் வண்டியில் ஊசி துள்ளாதிருப்பதெப்படி? ஊசியைத் தாங்கும் கையின் இருபுறத்து எடையையும் சமப்படுத்தினார். நிமிடத்துக்கு முப்பத்துமூன்றேகால் சுற்றுக்கு மேலாகச் சுழன்ற தட்டின் வேகத்தைச் சரிபாதியாக்கினார். வரிகளையும் மிக நெருக்கமாக அமைத்தார். இதனால் ஏழங்குலத் தட்டின் ஒரு பக்கமே முக்கால் மணி நேரம் ஒலித்தது. சாரதி அடிக்கடி தட்டை மாற்றவேண்டியதில்லை என்பதே இதன் உட்பொருள்.

1956ஆம் ஆண்டு மாதிரிக் கிறைஸ்லர் வண்டிகளில் இக்கருவி இடம்பெற்றது. ஆனால் வண்டிக்கு வண்டி வில்லமைப்பு வேறன்றோ! எல்லா வண்டிகளிலும் ஊசி ஒருபடித்தாய் அடங்கியிருக்கவில்லை. பழுதுபார்ப்புச் செலவும் ஏறியது. அதனினும் பெரிய குறை, அத்தட்டுகளைக் கொலம்பியா நிறுவனம் ஒன்றே வெளியிட்டமை. வீட்டிலிருந்த இசைத்தட்டு காரிலே பயன்படவில்லை. காரிலிருந்தது வீட்டிலே பயன்படவில்லை. பத்தாண்டு முடிவதற்குள் கருவி மறைந்தது. பொறி நுட்பத்திலும் பார்க்க இந்த வாணிகப் பிழையே அதனைக் கொன்றது என்பது என் எண்ணம்.

பின்வந்தவற்றை விரிக்கவேண்டியதில்லை. 1960களின் நடுவில் எட்டுத்தட நாடாவும், பின்னர் பிலிப்ஸ் நிறுவனத்தின் கசெற்றும், 1984இல் வண்டிக்குரிய குறுந்தட்டும் வந்தன. இன்று கருவிப் பலகையிலே தொடுதிரையும், பின்னாசனத்திலே படத்திரையும் இருக்கின்றன.

இங்கேதான் நாம் சற்று நிற்கவேண்டும். முன்னைய கருவிகள் செவியை நாடின. இவை கண்ணை நாடுகின்றன. அமெரிக்க அரசின் வீதிப் பாதுகாப்பு நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, வண்டியிலுள்ள ஒரு கருவியை இயக்குவதற்காகச் சாரதி ஒருமுறை பார்வையைத் திருப்புவது இரண்டு விநாடிக்கு மேற்படலாகாது. முழுவேலைக்கும் பன்னிரண்டு விநாடி எல்லை. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் அந்த இரண்டு விநாடிக்குள் வண்டி 33 மீற்றர் சென்றுவிடும். வீதியைக் கடக்க ஒரு பிள்ளை காலெடுத்து வைப்பதற்கு அது போதும். பழைய வானொலியின் குமிழைக் கை தடவியே கண்டுகொள்ளும். வழவழப்பான திரையிலோ, பார்க்காமல் விரல் இடமறியாது. புறப்படுமுன் பாட்டைத் தெரிந்து வைப்பதும், இடையில் மாற்றும் வேலையைப் பக்கத்தில் இருப்பவரிடம் ஒப்படைப்பதும் எந்தக் குடும்பத்துக்கும் இயலக்கூடியவையே.

பின்னாசனத்துப் படத்திரை சாரதியின் கண்ணை இழுப்பதில்லை. அதனைப் பழிக்க நான் வரவில்லை. அழுகின்ற குழந்தையை அடக்க முடியாத தாய் அதன் அருமையை அறிவார். ஆயினும், திரையை நோக்கும் கண் அசைவின்மையைக் காண, உட்செவி வளைவுகளையும் குலுக்கங்களையும் உணர்கிறது. இம்முரண்பாட்டினாலேயே பல பிள்ளைகளுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருகின்றன. கதையைக் காதாற் கேட்கும் பிள்ளையோ கண்ணை வெளியே ஓடவிடலாம். உடலும் கண்ணும் ஒரே செய்தியைப் பெறும். வானொலியிற் பேசுகின்றவன் வானொலிக்காக வாதாடுகிறான் என்று நேயர்கள் நகைக்கலாம். இதனைக் கேட்போருள் சிலர் இப்பொழுது வண்டியிலேயே இருக்கவுங் கூடும். பின்னாலிருக்கும் சிறுவனுக்கு வயிற்றைக் குமட்டினால், திரையை நிறுத்திவிட்டுத் தூரத்து மரங்களை நோக்கச் சொல்லுங்கள். சன்னலையும் சற்றுத் திறந்துவிடுங்கள்.