சிலுவைப் படமும் பிறவிப் பழியும்



இன்று நான் பேச எடுத்துக் கொண்டது ஒரு சினிமாப் படத்தைப் பற்றிய சங்கதியாகும். "சுயமரியாதைக்காரனுக்கு சினிமாப் பேச்சு எதற்கு? அதிலும் அமெரிக்காவில் எடுத்த ஏசு படத்தைப் பற்றி இவனுக்கென்ன வேலை?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். படத்தைப் புகழவோ இகழவோ நான் வரவில்லை. இரண்டு மதக்காரர்கள் ஒரு படத்தை வைத்துக் கொண்டு சண்டையிட்டதில், இரு தரப்பாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு உண்மை தானாகவே வெளிப்பட்டு விட்டது. அதை எடுத்துக் காட்டவே வந்தேன்.

2004-ம் வருஷம் பிப்ரவரி 25-ந் தேதி, கத்தோலிக்கர்கள் விபூதிப் புதன் என்று அனுசரிக்கும் நாளில், மெல் கிப்சன் என்னும் நடிகர் டைரக்ட் செய்த "கிறிஸ்துவின் பாடுகள்" என்ற படம் அமெரிக்காவில் வெளியாயிற்று. ஏசுவின் கடைசிப் பன்னிரண்டு மணி நேரக் கதை அது. பேச்செல்லாம் அரமேயம், எபிரேயம், லத்தீன் ஆகிய பழைய பாஷைகளில். செலவு சுமார் 3 கோடி டாலர். உலக முழுவதிலும் வசூலானதோ 60 கோடி டாலருக்கு மேல். எந்தத் தேசமானாலும் பக்திச் சரக்குக்குக் கிராக்கி குறைவதில்லை என்பதை இதிலிருந்தே தெரிந்து கொள்ளுங்கள்.

படம் வெளிவருவதற்கு முன்னமே, 2003-ல் சண்டை ஆரம்பித்து விட்டது. கத்தோலிக்கரும் யூதருமான பண்டிதர்கள் சிலர் கதையின் கையெழுத்துப் பிரதியைப் படித்துப் பார்த்து, "ஏசுவைக் கொன்ற பழி யூதர்கள் தலையில் சுமத்தப்படுகிறது, ரோமாபுரிக் கவர்னர் பிலாத்து இரக்கமுள்ளவனாகக் காட்டப்படுகிறான்" என்று ஆட்சேபித்தார்கள். படக்காரர்கள் அது திருட்டுப் பிரதி என்று சொல்லி வழக்குப் போடுவதாக மிரட்டவே, அமெரிக்கக் கத்தோலிக்க பிஷப்புகள் சபையார் மன்னிப்புக் கேட்டுக் கொண்டு பிரதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். யூதர்களின் அவதூறு எதிர்ப்புச் சங்கத் தலைவர் ஆபிரகாம் பாக்ஸ்மன் படத்தைக் கண்டித்தார். டேனியல் லாப்பின் என்ற யூத குருவோ படத்துக்குப் பரிந்து பேசினார். கிறிஸ்தவப் பாதிரிகள் பலர் கூட்டங்கூட்டமாக ஜனங்களைக் கொட்டகைக்கு அழைத்துப் போனார்கள்.

தோழர்களே! யூதர்கள் ஏன் பயந்தார்கள்? ஒரு வாக்கியத்துக்காகப் பயந்தார்கள். ஏசுவின் இரத்தப்பழி தங்கள் மேலும் தங்கள் பிள்ளைகள் மேலும் இருக்கட்டும் என்று யூத ஜனங்கள் கூவியதாக மத்தேயு சுவிசேஷத்தில் எழுதியிருக்கிறது. மற்ற மூன்று சுவிசேஷங்களில் அது கிடையாது. அந்த ஒரு வரியின் பேரால் சிந்திய இரத்தம் கொஞ்சநஞ்சமல்ல. 1096-ல் சிலுவை யுத்தத்துக்குப் புறப்பட்ட கூட்டத்தார் எருசலேம் போய்ச் சேருவதற்கு முன் ஜெர்மனியில் வோர்ம்ஸ், மெயின்ஸ் ஊர்களில் யூதர்களைக் கொன்று குவித்தார்கள். 1903-ல் ருஷ்ய ஆட்சியிலிருந்த கிஷினேவ் நகரில், ஈஸ்டர் பண்டிகையின்போதே, நாற்பதுக்கு மேற்பட்ட யூதர்கள் கொலையுண்டார்கள். ஜெர்மனியில் ஓபரம்மர்காவ் என்ற கிராமத்தில் 1634 முதல் ஏசு பாடுபட்ட கதையை நாடகமாக ஆடி வருகிறார்கள். 1930-லும் 1934-லும் ஹிட்லர் அங்கு போய் அதைப் பார்த்தான். பின்னால் அதை மெச்சியும் பேசினான். அவன் ஆட்சியில் மாண்ட யூதர்கள் சுமார் 60 லட்சம். அத்தனைக்கும் மதம் ஒன்றே காரணமென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த நெருப்புக்கு நூற்றாண்டுக் கணக்காக விறகு அடுக்கி வைத்தது எது என்று கேட்காமலிருக்க முடியுமா?

கிப்சன் என்ன செய்தார் தெரியுமா? ஆட்சேபம் பலத்தவுடன் அந்த வரியின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பைத் திரையிலிருந்து எடுத்து விட்டார். அரமேய பாஷையில் சத்தம் மட்டும் அப்படியே இருந்தது! காதுக்கு உண்டு, கண்ணுக்கு இல்லை. தெய்வ வாக்கென்று சொல்லப்படுவதைப் பாமர மக்கள் கண்ணில் படாமல் மறைக்க வேண்டிய அவசியம் ஏன் வந்தது?

"வேதத்தில் உள்ளதைத்தானே காட்டினேன்" என்பது அவர் வாதம். அதுவாவது முழு உண்மையா? படத்திலுள்ள பல காட்சிகள் எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை. அவை 1824-ல் இறந்த எம்மரிக் என்ற ஜெர்மன் கன்னியாஸ்திரீ கண்டதாகச் சொல்லப்படும் தரிசனங்களிலிருந்து எடுத்தவை. அவற்றை பிரெண்டானோ என்ற கவிஞர் எழுதி 1833-ல் வெளியிட்டார். மேலும், சிலுவையில் அறைவது ரோமர்களின் தண்டனை. கி.பி. 26 முதல் 36 வரை கவர்னராயிருந்த பிலாத்து கொடுமைக்காரன் என்று அக்காலத்து யூத ஆசிரியரான பைலோவே எழுதியிருக்கிறார். ஏசுவும் யூதர், அவர் தாயும் யூதர், சீஷர்களும் யூதர்களே. அப்படியிருக்க, "யூதர்கள் கொன்றார்கள்" என்ற பேச்சுக்கு அர்த்தமென்ன?

இப்பொழுது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 1965 அக்டோபர் 28-ந் தேதி ரோமாபுரியில் கூடிய கத்தோலிக்கப் பெருஞ்சபையில், ஏசுவின் மரணத்துக்கான பழியை அன்றிருந்த யூதர் எல்லோர் மேலும் சுமத்தக் கூடாது, இன்றுள்ள யூதர் மேலும் சுமத்தக் கூடாது என்று 2221 பேர் ஆதரித்தும் 88 பேர் எதிர்த்தும் தீர்மானமாயிற்று. நல்ல தீர்மானம், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். வேதம் மாறிற்றா? ஒரு எழுத்தும் மாறவில்லை. மாறியது மனிதனின் மனசாட்சி. 60 லட்சம் பிணங்களைக் கண்ட பிறகு மனிதன் தன் அறிவைக் கொண்டு வேதத்துக்குப் பொருள் சொன்னான். அப்படியானால் வேதத்துக்கு மேல் அறிவு இருக்கிறதென்று அந்த 2221 பேரும் கைதூக்கிச் சொன்னதாகத்தானே ஆகிறது?

இன்னொரு வேடிக்கை. 1988-ல் "கிறிஸ்துவின் கடைசிச் சோதனை" என்ற படம் வந்தபோது, அது ஏசுவை இழிவுபடுத்துகிறதென்று இதே கிறிஸ்தவ உலகத்தில் பலர் தடை கேட்டார்கள். பில் பிரைட் என்ற பிரசாரகர், செலவான பணத்தைக் கொடுத்து விடுகிறேன், படச்சுருளைக் கொடுங்கள், அழித்து விடுகிறேன் என்றார். பாரிஸில் ஒரு கொட்டகைக்கு நெருப்பே வைத்தார்கள். தங்களுக்கு நோகும்போது தடை. பிறருக்கு நோகும்போது கலைச் சுதந்தரம். மதக்காரர் நியாயம் இப்படித்தான் இருக்கும்.

யூதர்களின் நூலையும் நான் விட்டு விடவில்லை. அமலேக்கியரைக் குழந்தை குட்டிகளோடு அழிக்கும்படி கடவுள் கட்டளையிட்டதாக அதில் இருக்கிறது. தகப்பன் செய்த பாவத்தை மகன் சுமக்க வேண்டியதில்லை என்று எசேக்கியேல் சொன்னதும் அதே நூலில்தான் இருக்கிறது. இதில் எதை எடுப்பது, எதைத் தள்ளுவது என்று தீர்மானிப்பது யார்? மறுபடியும் மனிதனின் புத்திதானே!

தோழர்களே! எவனோ எப்பொழுதோ செய்ததாகச் சொல்லும் குற்றத்துக்கு, இன்று பிறக்கும் பிள்ளையின் நெற்றியில் பழியை எழுதுவது நமக்குப் புதிதா? போன ஜன்ம பாவத்தால் கீழ்ச்சாதியில் பிறந்தான் என்று சொல்லி, குளத்தில் தண்ணீர் எடுக்கவும் தெருவில் நடக்கவும் விடாமல் ஒரு கூட்டத்தாரைத் தள்ளி வைத்தவர்கள் நம் நாட்டார். அங்கே இரத்தப்பழி, இங்கே கர்மப்பழி. இரண்டும் பிறவிப் பழியே. ஆகையால்தான் யூதனுடைய பயம் நமக்குப் புரிய வேண்டும்.

அதற்காகப் படத்தைத் தடை செய்ய வேண்டுமென்று நான் சொல்ல மாட்டேன். இன்று அந்தப் படத்தைத் தடுக்கும் கை நாளைக்கு நம் பத்திரிகையையும் தடுக்கும். அப்படம் வந்ததனால் அமெரிக்காவில் பயந்தபடி பெருங்கலகம் ஒன்றும் மூளவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுகிறேன். வேண்டியது தடையல்ல, கேள்வி. யார் எழுதினார்கள்? எப்பொழுது எழுதினார்கள்? யாருக்கு லாபம்? யார் தலையில் பழி? இந்த நான்கு கேள்விகளையும் எந்தப் புராணத்தைப் படித்தாலும், எந்தப் படத்தைப் பார்த்தாலும் கேளுங்கள். மனிதனை அவன் செய்கையைக் கொண்டு மதியுங்கள். பிறப்பைக் கொண்டு மதிக்கச் சொல்லுவது எந்த வேதமானாலும் துணிந்து தள்ளுங்கள் என்று கேட்டு என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.