பிறந்த குழந்தையின் காதைப் பரிசோதிக்கச் சொல்வோம்!

(வெள்ளானூரில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கூலியைப் பற்றியும், போனஸைப் பற்றியும், வீட்டுமனைப் பட்டாவைப் பற்றியும் நாம் பல தடவை கூடிப் பேசியிருக்கிறோம். இன்று தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் காதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். தொழிற்சங்கக் கூட்டத்தில் காது வைத்தியமா என்று சிலர் கேட்கலாம். கடைசி வரையில் கேளுங்கள். இதுவும் நம் வர்க்கத்தின் பிரச்னைதான் என்பது விளங்கும்.

நம் நாட்டில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் ஆறு குழந்தைகள் வரை காது கேளாமலோ, மிக மந்தமாகவோ பிறப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. கண் தெரியாவிட்டால் தாய்க்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். காது கேளாதது தெரியாது. அந்தக் குழந்தையும் அழும், சிரிக்கும், கொஞ்ச நாள் மழலைச் சத்தமும் போடும். தட்டைத் தட்டிப் பார்க்கிறோம், திரும்புகிறது. ஆனால் அது சத்தத்துக்கா திரும்பிற்று? கையின் நிழலைக் கண்டு திரும்பியிருக்கலாம். தட்டின் பெரிய சத்தம் மட்டும் எட்டி, தாயின் பேச்சு எட்டாமலும் இருக்கலாம்.

வயது இரண்டாகிறது. பேச்சு வரவில்லை. "அவன் அப்பனும் நாலு வயசில்தான் பேசினான்" என்கிறார் பாட்டி. நாக்கில் வசம்பு தேய்க்கிறார்கள். கோயிலுக்கு நேர்ந்துகொள்கிறார்கள். இப்படியே மூன்று வருஷம் போய்விடுகிறது. போனது சாதாரண காலமா? பிறந்த முதல் இரண்டு, மூன்று வருஷங்களில்தான் மூளை மொழியைப் பற்றிக்கொள்கிறது. பருவம் தவறிய விதைப்பு என்ன விளைச்சல் கொடுக்கும் என்பதை விவசாயிக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்தில் நடந்த ஓர் ஆய்வு 1998-ல் வெளிவந்தது. ஆறு மாதத்துக்குள் கண்டறிந்து உதவி தொடங்கிய குழந்தைகள், பின்னால் கண்டறியப்பட்ட குழந்தைகளைவிட மொழியில் நன்றாக முன்னேறியிருந்தார்கள். ஆகவேதான் வைத்தியர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் நிச்சயமான முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சையும் பயிற்சியும். ஒன்று, மூன்று, ஆறு. இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பரிசோதனை எப்படி நடக்கிறது? ஊசி கிடையாது, மருந்து கிடையாது. தூங்கும் குழந்தையின் காதில் பஞ்சு போன்ற சிறு முனையை வைக்கிறார்கள். அதன் வழியே மெல்லிய ஒலி போகிறது. உள்காது நல்ல நிலையில் இருந்தால் அது மிக நுண்ணிய ஒலியைத் திருப்பி அனுப்பும். கருவி அதைப் பிடித்துக்கொள்ளும். உள்காதின் இந்த எதிரொலியை லண்டனில் டேவிட் கெம்ப் என்ற விஞ்ஞானி 1978-ல் கண்டு சொன்னார். சில நிமிஷ வேலை. முதல் தடவை சரியாக வராவிட்டால் பயப்பட வேண்டாம். பிறந்த ஓரிரு நாளில் காதுக் குழாயில் பிசுக்கும் நீரும் இருக்கும், மறுபடி பார்ப்பார்கள். அப்போதும் சந்தேகமிருந்தால், தலையில் சிறு ஒட்டுகளை வைத்து, ஒலி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பேரா என்ற பரிசோதனை உண்டு. குறைமாதக் குழந்தை, கடுமையான மஞ்சள் காமாலை கண்ட குழந்தை, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தை ஆகியோருக்கு இந்த இரண்டாவது பரிசோதனை அவசியம்.

ஏழை நாட்டுக்கு இதெல்லாம் கட்டுபடியாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. பக்கத்துக் கேரளத்தைப் பார்க்கட்டும். எர்ணாகுளத்தில் குழந்தை மருத்துவர்கள் 2003-ல் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் கருவி வாங்கக் காத்திருக்கவில்லை. ஒரே கருவியை, பயிற்சி பெற்ற ஊழியரோடு, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அனுப்பினார்கள். பத்து வருஷத்துக்குச் சற்று மேலான காலத்தில் லட்சம் குழந்தைகளுக்கு மேல் பரிசோதித்தார்கள். சோஷலிச கியூபா, அமெரிக்கப் பொருளாதார முற்றுகைக்கு நடுவிலேயே, 1983 முதல் ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளைப் பரிசோதித்து வருகிறது. நம் பக்கத்துப் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் கிராம சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து இந்தப் பரிசோதனையை நடத்திக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே முடியாது என்ற பேச்சுக்கு இடமில்லை.

சர்க்கார் என்ன சொல்கிறது? காது கேளாமையைத் தடுக்கும் தேசியத் திட்டம் 2007-ல் வந்தது. குழந்தைகளின் உடல்நலத்துக்கான ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்தியா திட்டம் 2013-ல் வந்தது. பிறவிச் செவிட்டுத்தன்மை அதில் இடம்பெற்றிருக்கிறது. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, எல்லாக் குழந்தைகளையும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பரிசோதிக்க வேண்டும் என்கிறது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது!

தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவங்களுக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. குழந்தையைத் தேடி யாரும் காட்டுக்கும் மேட்டுக்கும் அலைய வேண்டியதில்லை. அது ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் படுத்திருக்கிறது. பரிசோதிக்காமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிறகு மாவட்ட மையத்துக்குக் கொண்டு வா என்றால் என்ன நியாயம்? இங்கிருந்து திருவள்ளூருக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும். மறுபரிசோதனைக்கு இன்னொரு நாள். பணக்காரன் குழந்தைக்குப் பணம் கட்டிப் பரிசோதித்துக்கொள்கிறான். கூலிக்காரன் குழந்தைதான் இடைவழியில் நின்றுபோகிறது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உள்காதுக் கருவி பொருத்தும் ஆபரேஷன் உண்டு. பல லட்சம் பிடிக்கும் சிகிச்சை அது, நல்ல காரியம். ஆனால் நான்கு வயதில் கண்டறிந்தால் பலன் பாதிதான். ஆபரேஷனோடு விஷயம் முடிவதுமில்லை. பேச்சுப் பயிற்சி வேண்டும். பாட்டரி, வயர், உதிரி பாகம் வேண்டும். இவை இல்லாவிட்டால் கருவி வெறும் நகைதான். கருவியால் பயன் பெறாத குழந்தைக்குச் சைகை மொழி சீக்கிரமே கிடைக்க வேண்டும். அதுவும் முழுமையான மொழிதான். எந்தக் குழந்தையும் மொழியில்லாமல் வளரக்கூடாது.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

1. பிரசவம் நடக்கும் ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும், தாயும் சேயும் வீடு திரும்புமுன் காதுப் பரிசோதனை இலவசமாக நடக்க வேண்டும்.

2. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குச் சுற்றிவரும் கருவியும் ஊழியரும் வேண்டும்.

3. மறுபரிசோதனைக்கு வரும் தாய்க்குப் பயணப்படியும் இழந்த கூலியும் தர வேண்டும்.

4. காதுக் கருவியின் பாட்டரி, உதிரி பாகம், பேச்சுப் பயிற்சி ஆகியவை ஆவடியிலும் அம்பத்தூரிலும் இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

5. செவித்திறன் நிபுணர்களை ஒப்பந்தக் கூலியாக அல்லாமல் நிரந்தரமாக நியமிக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. கர்ப்பிணிக்கு ரூபெல்லா அம்மை கண்டால் குழந்தையின் காது கெடலாம். ஆகவே தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். நெருங்கிய உறவில் கல்யாணம் செய்தால் பிறவிச் செவிட்டுத்தன்மைக்கு வாய்ப்பு கூடுகிறது. மாமன் மகள், அக்காள் மகள் என்று முடிவு செய்யுமுன் யோசியுங்கள். குழந்தையின் காதில் எண்ணெய் ஊற்றாதீர்கள். பரிசோதனையில் தேறிய குழந்தைக்கும் பிறகு காய்ச்சலாலோ மருந்தாலோ காது கெடலாம்; ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டால் உடனே காட்டுங்கள்.

தறிச் சத்தத்திலும் இயந்திர இரைச்சலிலும் காதைப் பறிகொடுத்த தொழிலாளர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கேளாமையின் துன்பம் அவர்களுக்குத் தெரியும். அவர்களே இந்தக் கோரிக்கைக்கு முதல் கையெழுத்திடட்டும். ஒவ்வொரு கிளையும் தன் தெருவில் பிறந்த குழந்தைகளின் பட்டியல் எடுக்கட்டும். காது பார்த்தாயிற்றா என்று கேட்கட்டும். பார்க்கவில்லையென்றால் தாயோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுவோம். இந்த வேலையை நாளைக் காலையிலேயே தொடங்குவோம்!