முடிவு அறிந்த கதை



என் ஊர் காட்டேரிக்குப்பம். காட்டேரி என்பது நாட்டுப்புறத்தில் குழந்தைகளை அச்சுறுத்தும் பெயர். ஆதலால் பேய்க்கதை ஒன்றைப் பற்றிப் பேச எனக்குச் சிறிது உரிமை உண்டென்று ஒப்புக்கொள்வீர்கள். ஆயினும், இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் பேயன்று. கதையின் முடிவு முன்னமே தெரிந்துவிட்டால், அக்கதையைச் சுவைக்க இயலுமா என்பதே.

1999-ஆம் ஆண்டில் 'தி சிக்ஸ்த் சென்ஸ்' என்னும் ஆங்கிலத் திரைப்படம் வெளிவந்தது. அதை எழுதி இயக்கியவர் எம். நைட் ஷியாமளன். அவர் 1970-இல் பிறந்த ஊர், நம் புதுச்சேரி ஆட்சிப் பகுதியைச் சேர்ந்த மாஹே. அப்படம் 6 ஆஸ்கார் விருதுகளுக்குப் பரிந்துரைக்கப் பெற்றது. நான் அதைக் காணுமுன்பே என் பேரன், "தாத்தா, அந்த டாக்டரே செத்துப் போனவர்தான்!" என்று உடைத்துவிட்டான். எனக்குச் சினம் வந்தது. இனிப் பார்த்து என்ன பயன் என்று பல மாதங்கள் அதைப் பாராமலே இருந்தேன். பின்னர் ஒரு நாள் பார்த்தேன். என் சினம் பாதி தவறு என்பதை அன்று உணர்ந்தேன்.

கதை இதுதான். பிலடெல்பியா நகரில் குழந்தைகளின் மனநோய் தீர்க்கும் மருத்துவர் ஒருவர், முன்பு தம்மிடம் மருத்துவம் பெற்றவனால் ஓரிரவு சுடப்படுகிறார். காலம் சிறிது கடந்தபின், இறந்தோர் தன் கண்ணுக்குத் தெரிகின்றனர் என்று நடுங்கும் சிறுவனுக்கு உதவ வருகிறார். தாமும் இறந்தோருள் ஒருவரே என்பதை முடிவில்தான் அறிகிறார்.

இப்போது ஒரு காட்சியைப் பாருங்கள். மணநாளன்று உணவகத்திற்கு அவர் காலந்தாழ்த்து வருகிறார். மனைவி எதிரில் இருக்கிறாள். அவர் மன்னிப்புக் கேட்கிறார். அவள் நிமிர்ந்தும் பாராள். மணநாள் வாழ்த்தை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போகிறாள். முடிவு அறியாதவன் இதை ஊடல் என்று எண்ணிக் கடந்துவிடுவான். முடிவு அறிந்தவனுக்கோ, மாண்ட கணவனை நினைந்து தனியே உண்ணும் கைம்பெண் தெரிகிறாள். அந்த வாழ்த்து முன்னவன் செவிக்குச் சினச்சொல். பின்னவன் செவிக்கு ஒப்பாரி.

மற்றொரு காட்சி. சிறுவனின் தாய்க்கு எதிரே மருத்துவர் அமர்ந்திருக்கிறார். இருவரும் பேசி முடித்தனர் என்று நாமே கொள்கிறோம். ஆனால் அவர்களிடையே ஒரு சொல்லும் நிகழ்வதில்லை. இயக்குநர் நம்மிடம் பொய் சொல்லவில்லை, நாம்தான் கவனிக்கவில்லை. இந்தத் தொழில் நேர்மையை முடிவு அறிந்தவனே கண்டு மகிழ முடியும்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டு என்றார். அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் அணங்கை முதலில் வைத்தார். இப்படத்தை முதன்முறை காண்பவன் பெறுவன அச்சமும் மருட்கையும் ஆகும். முடிவு அறிந்து காண்பவன் பெறுவது அழுகை. சுவை அழிந்துவிடவில்லை, வேறொரு சுவையாக மாறிற்று.

இது நமக்குப் புதியதன்று. திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கர்ணமோட்சக் கூத்து நடக்கும்போது, அதன் முடிவு தெரியாதவர் எவர்? கர்ணன் தன் தமையன் என்பதை அருச்சுனன் அறியான். தரையில் பாய் விரித்து அமர்ந்திருக்கும் மூதாட்டி அறிவாள். அறிந்தமையால்தான் அவள் அழுகிறாள். சிலப்பதிகாரத்தின் பதிகமும் கதை முழுவதையும் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறது. ஆயர் சேரியில் கண்ணகி தன் கையால் சமைத்துக் கோவலனுக்கு உணவிடும் இடத்தில் நம் நெஞ்சு ஏன் நடுங்குகிறது? அவன் உண்பது அவள் கையால் கடைசி உணவு என்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

வகுப்பறையில் பல்லாண்டுகள் நான் கேட்ட சொல் ஒன்று உண்டு: "கதை தெரியும் ஐயா; கையேட்டில் படித்துவிட்டேன்." அம்மாணவர்கள் தேர்வில் வெற்றி பெற்றனர். ஆனால் கண்ணகி உணவு பரிமாறுவதை அவர்கள் பார்த்ததே இல்லை. என்ன நடந்தது என்பதைக் கையேடு சொல்லும். எவ்வாறு நடந்தது என்பதை நூலே சொல்லும். இதை அவர்களுக்கு எடுத்துச் சொன்ன நானும், என் பேரன் சொன்ன ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் படத்தையே ஒதுக்கி வைத்தேன் அல்லவா? அவர்கள் செய்த பிழையையே நானும் செய்தேன்.

என் சினத்தின் மறுபாதியை மட்டும் நான் விட்டுவிடவில்லை. மருட்கை ஒருமுறைதான் வரும். அதைக் கேளாமலே பறிப்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை. இன்று நானும் முடிவைச் சொல்லிவிட்டேனே என்பீர்கள். உண்மைதான், அப்படத்தைக் காணாதவர்கள் என்னைப் பொறுத்தருள்க. ஆனால் நான் செய்ததுபோல் ஒதுக்கிவிடாமல் ஒருமுறை பாருங்கள். அந்த உணவகக் காட்சி வரும்போது, மனைவியின் முகத்தை மட்டும் கவனியுங்கள். பிறகு வீட்டில் மூடிக் கிடக்கும் சிலம்பையும் திறந்து பாருங்கள்.