பெட்டியில் எரியும் சின்ன விளக்கு

(செலாயாங்கில் தோட்டத் தொழிலாளரும் சிப்பந்திகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளத்தைப் பற்றியும் போனசைப் பற்றியும் பேசிப் பழகிய மேடை இது. இன்று மின்சாரப் பெட்டி ஒன்றைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று தலைவர் அறிவித்தவுடன், முன்வரிசையில் சிலர் புன்னகை செய்ததைக் கண்டோம். சிரிக்கலாம், தவறில்லை. ஆனால் தவணைக்கு வாங்கிய சாமான் ஒரே நொடியில் கருகிப் போய், அதன் தவணை மட்டும் மாதா மாதம் தொடர்ந்து வந்து கதவைத் தட்டினால், அது சம்பளப் பிரச்சினைதான். கையிலிருந்து போகும் காசும் கூலியிலிருந்து போகும் காசுதானே!

முதலில் எங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறோம். எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் ஒரு குடும்பம், ஐந்தாம் படிவம் படிக்கும் மகளுக்காகத் தவணையில் மடிக்கணினி ஒன்று வாங்கியது. மின்னல் தாக்காமலிருக்க என்ன செய்வது என்று அவர்கள் ஆபீசில் வந்து கேட்டார்கள். நாங்கள்தான் சர்ஜ் புரொடெக்டர் என்ற காப்புப் பெட்டி ஒன்றை வாங்கச் சொன்னோம். மூன்று ஆண்டுக்குப் பின் ஒரு நாள் அந்தத் தாய் பிரட்டுக் களத்தில் எங்களிடம் சொன்னார்: "கிராணி ஐயா, அந்தப் பெட்டியில இருந்த பச்ச வெளக்கு அணைஞ்சு ரெண்டு மாசமாச்சுங்க. கரண்டு மட்டும் வந்துக்கிட்டுதான் இருக்கு."

"கரண்டு வருதில்ல? அப்புறம் என்னக்கா கவலை" என்று சொல்லி அனுப்பி விட்டோம்.

மறு வாரம் ஒரு மாலை இடியோடு மழை பிடித்தது. லயத்துக்குச் சற்றுத் தொலைவில் எங்கோ மின்னல் விழுந்தது. வீட்டில் ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மடிக்கணினி மட்டும் பிறகு எழவேயில்லை. பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. தவணை இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. ஆபீசிலுள்ளவர்கள் சேர்ந்து பழைய கணினி ஒன்றைத் தேடிக் கொடுத்தோம். பிள்ளை பரீட்சை எழுதினாள். ஆனாலும் அந்தத் தாயின் முகத்தை நேராகப் பார்க்க எங்களுக்குப் பல நாள் கூச்சமாயிருந்தது. பெட்டியோடு வந்த தாளை நாங்கள் படித்திருந்தால், விளக்கு அணைந்தது எதைச் சொல்கிறது என்று தெரிந்திருக்கும். நாலு எழுத்துத் தெரிந்தவர்கள் என்று நம்மை நம்பிக் கேட்கிறார்கள். படிக்காமல் பதில் சொன்னது எங்கள் பிழை. அந்தப் பிழைக்குப் பரிகாரமாகத்தான் இந்தப் பேச்சு.

தோழர்களே, நாம் வாழும் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கு, உலகத்திலேயே இடி மின்னல் மிகுந்த இடங்களில் ஒன்று. ஆண்டில் ஏறத்தாழ 200 நாள் இங்கே எங்காவது இடி முழங்குகிறது. ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் அதிகம். காலையில் வெயில் காய்ந்து, பிற்பகலில் மேகம் திரண்டு, மாலையில் கொட்டும். பால் நிறுத்து வீடு திரும்பிக் களைத்துப் படுக்கும் நேரமும், பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து சாமான்களைச் செருகும் நேரமும் அதுவே.

மின்சாரம் நமக்குப் புதியதன்று. இங்கிருந்து வடக்கே போனால் ரவாங். 1894-ஆம் ஆண்டில் லோக் யூ என்ற சீனரும், நம் தம்புசாமிப் பிள்ளையும் ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்சார யந்திரம் வைத்தார்கள். மலாயாவின் மின்சார வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. பத்துமலைக் கோவிலை எழுப்பிய அதே தம்புசாமிப் பிள்ளைதான். ஆனால் அந்தக் காலத்து மோட்டாரும் குண்டு விளக்கும் முரட்டுச் சாமான்கள். சிறிது அடி பட்டாலும் தாங்கும். இன்று நம் வீட்டிலிருக்கும் கைத்தொலைபேசி, கணினி, தொலைக்காட்சி ஆகியவற்றின் உள்ளே இருப்பவை மயிரிழையிலும் மெல்லிய வழிகள். ஒரு நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு நேரம் மின்சாரம் பொங்கினாலும் அவை செத்துப் போகும்.

மின்னல் நம் கூரையில்தான் விழ வேண்டுமென்பதில்லை. தெருக்கோடியில் விழுந்தாலும் மின்கம்பி வழியே அந்தப் பொங்கல் வீட்டுக்குள் வரும். மின்சாரம் தடைப்பட்டுத் திரும்பும்போதும் வரும். அது வரும் வழியில் காவல் நிற்பதுதான் இந்தப் பெட்டி. அதன் உள்ளே துத்தநாக ஆக்சைடில் செய்த சிறு வில்லை இருக்கிறது, காசளவு இருக்கும். வோல்ட் சரியாக இருக்கும் வரை அது மூடிய கதவு. அளவு மீறினால் கண்ணிமைக்கு முன் திறந்து, மிஞ்சியதை வேறு வழியில் வடித்து விட்டு, மறுபடி மூடிக் கொள்ளும்.

மலைச் சரிவில் மரம் நட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெருமழை பெய்தால் நீர் வடியக் கான் வெட்டியிருக்கிறோம். கான் இருந்தால் மண் நிற்கும். அடைத்துக் கொண்டால் மண் சரியும். இந்தப் பெட்டி அந்தக் கான் போன்றது.

இன்னொன்றும் உண்டு. பொங்கி வரும் மின்சாரத்தை வடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வில்லையின் பலம் சிறிது குறைகிறது. தினம் ஒரு சீவல் எடுக்க எடுக்க மரத்தின் பட்டை குறைவது போலத்தான். மரத்திற்காவது பட்டை மீண்டும் வளரும், இதற்கு வளராது. வில்லை முடிந்த பிறகும் பெட்டியில் மின்சாரம் வந்து கொண்டுதானிருக்கும். காவல் மட்டும் இராது. அதைச் சொல்லத்தான் அந்தச் சின்ன விளக்கு. அது அணைந்தால் பெட்டி வெறும் பலகை. எங்களுக்குத் தெரியாமல் போன விஷயம் இதுதான்.

இனி, எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்போம்.

முதலாவது, வோல்ட். நம் நாட்டில் வீட்டு மின்சாரம் 2008 முதல் 230 வோல்ட் என்று வகுக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் 120. அந்த நாட்டுக்கென்று செய்த காப்புப் பெட்டி இணைய வழியில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி, பின்னை மாற்றிச் செருகினால், நம் மின்சாரமே அதற்குப் பொங்கலாகத் தோன்றும். வில்லை சூடேறிப் புகையும், தீப்பிடிக்கவும் கூடும். பெட்டியின் மேல் 230 அல்லது 220-240 என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இரண்டாவது, முத்திரை. பிளக்கு, அடாப்டர், நீட்டுக் கம்பிப் பலகை ஆகியவை மின்சார ஆணையத்தின் அனுமதி பெற்று, சிரிம் முத்திரையோடு விற்கப்பட வேண்டிய சாமான்கள். முத்திரை இல்லாததை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மூன்றாவது, பெயரைக் கண்டு ஏமாறாதீர்கள். விளக்கு எரியும் பலகையெல்லாம் காப்புப் பலகை ஆகாது. முன்பு நாங்கள் மலிவாக வாங்கிய ஒன்றைப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே பித்தளைத் தகடும் ஒரு சுவிட்சு விளக்கும்தான் இருந்தன, வில்லையே இல்லை. உண்மையான காப்புப் பெட்டியில் இரண்டு எண்கள் எழுதியிருக்கும். ஒன்று, எத்தனை வோல்ட்டில் பொங்கலை மட்டுப்படுத்தும் என்பது. இது குறைவாக இருந்தால் நல்லது; நம் நாட்டுச் சாமான்களில் 1,500 வோல்ட் அல்லது அதற்குக் கீழே இருப்பதைத் தேடுங்கள். மற்றொன்று ஜூல் கணக்கு. எவ்வளவு அடி தாங்கும் என்பது. இது கூடுதலாக இருந்தால் நல்லது. வீட்டுக்கு ஆயிரம் ஜூல் அளவில் பாருங்கள். பயணத்திற்கான சிறு கட்டையில் சில நூறுதான் கிடைக்கும். கையடக்கமாக வேண்டுமென்றால் வில்லையும் சிறியதாகத்தான் இருக்கும். அதை ஏற்றுக்கொண்டே வாங்க வேண்டும்.

நான்காவது, விளக்கு. மின்சாரம் வருவதைக் காட்டும் விளக்கு வேறு, காவல் உயிரோடிருப்பதைக் காட்டும் விளக்கு வேறு. இரண்டாவது விளக்கு கட்டாயம் இருக்க வேண்டும். காவல் போனவுடன் மின்சாரத்தையே நிறுத்திக் கொள்ளும் பெட்டிகளும் உண்டு; கிடைத்தால் அதுவே மேல்.

ஐந்தாவது, பாரம். நம் பிளக்கில் இருக்கும் பியூஸ் 13 ஆம்பியர். கணக்குப் போட்டால் எல்லாம் சேர்ந்து 3,000 வாட்டுக்குள் அடங்க வேண்டும். தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தலையும் இஸ்திரிப் பெட்டியையும் இதில் செருகாதீர்கள். ஒரு பலகையில் இன்னொரு பலகையைச் செருகுவதும் கூடாது.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டிலும் 230 வோல்ட்தான். ஆனால் அங்கே உருண்டைப் பின். பின்னை மாற்றும் அடாப்டர் வடிவத்தைத்தான் மாற்றும். வோல்ட்டை மாற்றாது, காவலும் செய்யாது. மூன்று பின்னும் உள்ளதையே வாங்குங்கள். இரண்டு பின் அடாப்டரில் எர்த் வழி அறுந்து போகும். சிங்கப்பூரில் பின்னும் வோல்ட்டும் நம்முடையவையே. கைத்தொலைபேசி சார்ஜரின் முதுகில் 100-240 என்று எழுதியிருந்தால் எந்த நாட்டிலும் தாங்கும். ஆகவே பயணத்திற்கு ஒன்றோ இரண்டோ துளையுள்ள சிறு கட்டை போதும். ஆனால் வோல்ட் தாழ்ந்து போனால் இந்தப் பெட்டி எதுவும் செய்யாது. அதற்கு ஸ்டெபிலைசர் என்பது வேறு சாமான்.

வீட்டுக்குள் வரும் வழி மின்கம்பி ஒன்றுதான் என்றும் எண்ணி விடாதீர்கள். கூரையில் உள்ள தட்டிலிருந்து தொலைக்காட்சிக்கு வரும் கம்பி, பழைய செம்புத் தொலைபேசிக் கம்பி ஆகியவற்றிலும் பொங்கல் வரும். கண்ணாடி இழைக் கம்பியின் வழியே வராது. ஆனால் அதன் பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் பிளக்கின் வழியே வரும்.

எந்தப் பெட்டியும் நேரே விழும் மின்னலைத் தடுக்காது. அப்படித் தடுக்கும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். மேகம் கறுக்கும்போதே பிளக்கைக் கழற்றி விடுவதுதான் எல்லாக் காவலிலும் பெரிய காவல். அதற்குக் காசும் வேண்டாம். மின்னல் தலைக்கு மேல் வந்த பிறகு பிளக்கைத் தொடாதீர்கள். மடிக்கணினியை அந்த நேரம் பாட்டரியில் ஓட்டலாம். வேலைக்குப் போயிருக்கும்போது வரும் மழைக்கும், தூங்கும்போது வரும் இடிக்கும்தான் பெட்டி துணை.

இனி, சங்கம் பேச வேண்டிய இடத்துக்கு வருகிறோம். கான் வெட்டினால் போதுமா? அது போய்ச் சேர ஓர் ஓடை வேண்டாமா? அந்த ஓடைதான் எர்த் கம்பி. வீட்டோரம் மண்ணில் இறக்கிய செம்புத் தண்டு துருப்பிடித்தோ, கம்பி அறுந்தோ கிடந்தால், எத்தனை வெள்ளிக்குப் பெட்டி வாங்கினாலும் பாதிக் காவல்தான். பெட்டியை விடுங்கள், எர்த் கெட்டுப் போனால் ஆளின் உயிருக்கே ஆபத்து. பழைய லயங்களில் இதைக் கடைசியாகச் சோதித்தவர் யார், எப்போது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

குடியிருப்பு கொடுக்கும் முதலாளி, போதிய மின்வசதி செய்து, கட்டடத்தைப் பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டும் என்பது 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம். தயவு அல்ல, கடமை. ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் கடிதம் கொடுக்க வேண்டுமென்று கேட்டுக் கொள்கிறோம். பதிவு பெற்ற மின்பணியாளர் வந்து ஒவ்வொரு வீட்டின் எர்த்தையும் அளந்து, அளவைத் தாளில் எழுதித் தர வேண்டும். பெரிய சுவிட்சுப் பெட்டியிலேயே காப்புச் சாதனம் ஒன்றைப் பொருத்தினால் வீடு முழுவதுக்கும் காவல் என்பதையும் அதில் எழுதுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்காதீர்கள், கடிதத்தின் நகலை வைத்துக் கொள்ளுங்கள். கடிதம் எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்கள் எழுதித் தருகிறோம். இந்த முறை முழுவதும் படித்து விட்டே தருகிறோம்.

தோட்டம் வீடமைப்பாகி, அடுக்குமாடியில் குடியிருக்கும் தோழர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் சுவிட்சுப் பெட்டியில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்துங்கள். உடனே மின்சாரம் நின்றால் நல்லது. நிற்காவிட்டால் அன்றைக்கே மின்பணியாளரை அழைக்க வேண்டும்.

பெட்டி வாங்கக் கையில் காசு இல்லையென்று ஒரு தோழர் கேட்கக்கூடும். 1960-ஆம் ஆண்டில் துன் சம்பந்தன் அழைத்தபோது, பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கியவர்கள் நம் பெரியவர்கள். அவர்கள் பிள்ளைகளான நாம், பத்துக் குடும்பம் சேர்ந்து முத்திரையுள்ள நல்ல பெட்டியை மொத்தமாக வாங்க முடியாதா? ஒரே கடையில், ஒரே ரசீதில், பத்துப் பெட்டி வாங்கினால் விலையும் குறையும். போலி கொடுக்கக் கடைக்காரரும் யோசிப்பார்.

தோழர்களே, பேச்சை முடிக்கிறோம். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். சுவரோரம் கிடக்கும் அந்தப் பெட்டியைக் குனிந்து பாருங்கள். விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால், கரண்டு வருகிறதே என்று இருந்து விடாதீர்கள். அப்படிச் சொல்லி ஒரு பிள்ளையின் கணினியைப் பறிகொடுத்தவர்கள் சொல்கிறோம்.