மேட்டூர் ஏரியின் மீன்



காவிரியின் குறுக்கே மேட்டூரில் அணை முடிவுற்றது 1934-ஆம் ஆண்டு. வயலுக்கு நீர் நல்கிய அவ்வணை மீனுக்கு வழியடைத்ததை நம்மிற் பலர் எண்ணுவதில்லை. கடலினின்று ஆற்றை எதிர்த்தேறி முட்டையிடும் உல்லம் என்னும் மீன், அதன் பின்னர்க் காவிரியில் அருகிப்போயிற்று. அணைக்குள்ளோ, வடபுலத்து ஆறுகளுக்குரிய கட்லா செழித்து வலைஞர்க்குச் சோறிட்டது. 1952-இல் இந்தியா புகுந்த ஆப்பிரிக்க மீனாகிய ஜிலேபிக் கெண்டையும் பின்னர்ப் பெருகிற்று. அதன் சுவையைப் பற்றி யாம் ஒன்றும் சொல்லோம்!

வலைஞர் அந்தியிற் பரிசலேறி ரங்கூன் வலையை விரித்து, வைகறையில் எடுப்பர். வலைக்கண் பெரிதாயின் வளர்ந்த மீன் செவுளிற் சிக்கும். குஞ்சு நழுவிப் பிழைக்கும். கரைக்கு இழுக்கும் அலிவி வலையோ விரலளவுக் குஞ்சையும் வாரிவிடும்.

அவ்வாறு வாரிய குஞ்சுகள் கரையிற் குவிந்து கிடப்பக் கண்டு, "இவை வளர்ந்தால் உமக்கன்றோ ஆகும், பெரியவரே?" என்று ஒரு முதியவரை யாம் வினவினோம். "நான் விட்டால் அடுத்த பரிசல்காரன் அள்ளுவான், வாத்தியாரையா; இன்று அடுப்பெரிய வேண்டுமே" என்றார். இலக்கணம் கற்ற எமக்கு அதற்கு மறுமொழி தோன்றவில்லை. வலையால் வாழ்வோர் இவ்வவையில் உளர். அவர்கள் எழுந்து பேசுவார்களாக. யாம் அமர்கின்றோம்.