எடுத்து வளர்த்த பிள்ளையும் நாமும்
(நூற்றாண்டு விழாப் பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஆண்டு எட்டில் எங்களோடு படித்த ஒருத்தியிடம், ஏதோ சண்டையில், "நீ எடுத்து வளர்த்த பிள்ளைதானே!" என்று சொல்லிவிட்டோம். லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அவளுக்கு மட்டும் தெரியாது. ஒரு கிழமை அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. அந்த வெறும் வாங்கு இன்னும் எங்கள் கண்ணில் நிற்கிறது.

நம் நாட்டில் 1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டம் உண்டு. நீதிமன்றக் கட்டளை பெற்றால், சட்டத்தின் முன் அந்தப் பிள்ளை நம் பிள்ளையே. ஆனால் ருவான்வெல்லை இறப்பர்த் தோட்டங்களில் அக்காள் பிள்ளையையும், தாய் வெளிநாடு போன பிள்ளையையும் வாய்ப்பேச்சிலேயே வளர்க்கிறோம். அன்புக்குக் குறைவில்லை, பத்திரம்தான் இல்லை. அடையாள அட்டை எடுக்கும் வயதில் அந்தக் குறை தெரியவரும். பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரை முன்கூட்டியே அணுகுவோம்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளுக்குத் தத்துப் போனார்கள். பல பத்திரங்களில் தாயின் பெயரே பொய். 2020 இல் சுவிஸ் அரசு இதற்கு வருத்தம் தெரிவித்தது. அன்றைய அந்தக் குழந்தைகள் இன்று எங்கள் வயதினர். தாயைத் தேடி இங்கே வருகிறார்கள். நன்றாக வளர்க்கப்பட்டவர்களும் வருகிறார்கள். தேடுவது நன்றிகெட்டதனம் அல்ல.

வைத்தியர்களாகிய நாங்களும் யோசிக்காமல், "குடும்பத்தில் சீனி வருத்தம் உண்டா?" என்று பிள்ளையின் முன்னாலேயே கேட்டுவிடுகிறோம். தாய் திகைக்கிறாள், தன் குடும்பத்து நோயைச் சொல்கிறாள். அது வைத்தியத்துக்கு உதவாது. "தெரியாது" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

பெற்றோரே, மூன்று நான்கு வயதிலேயே கதைபோலச் சொல்லத் தொடங்குங்கள். கோபத்தில் ஒருபோதும் சொல்லாதீர்கள். "உன்னைக் காப்பாற்றினோம்" என்று கணக்குக் காட்டாதீர்கள். பெற்றவளைப் பற்றி இழிவாகப் பேசாதீர்கள். துணை தேவைப்பட்டால் 1929 சிறுவர் உதவி இலக்கம் இருக்கிறது.

பல வருடங்களுக்குப் பிறகு அந்தத் தோழியிடம் மன்னிப்புக் கேட்டோம். "நீங்க சொன்னத விடுங்க. அம்மா ஏன் சொல்லலன்னுதான் இன்னும் நெனப்பேன்" என்றாள்.

நம் வீடுகளில் எந்தப் பிள்ளையும் தன் கதையை வகுப்பறைச் சண்டையில் முதன்முதலாகக் கேட்கக் கூடாது.